வீட்டு நம்பர் இல்லாத ஊரிலிருந்து ஒரு டொமைன்

படிவத்தில் "வீட்டு இலக்கம்" என்று ஒரு கட்டம். அதுக்குக் கீழே "வீதியின் பெயர்". இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரு மேட்டில் நாங்கள் நாலு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கம்பஸ் லீவு. நாலு பேரில் மூன்று பேருடைய வீட்டுக்கு நம்பர் கிடையாது. மற்றவன் வீட்டுக்கு லயத்து நம்பரும் காம்பரா நம்பரும் இருக்கு, ஆனால் அது தோட்ட ஆபீஸ் தன்னுடைய வசதிக்குப் போட்டுக்கொண்டது. வீதிக்குப் பெயர் கேட்டால் என்னத்தைச் சொல்வது? பஸ் போகிற ரோட்டிலிருந்து இறங்கி, தேயிலைக்கு நடுவில் பத்து நிமிஷம் நடந்தால் வீடு. அந்தப் பாதையை ஊரில் எல்லோரும் "குறுக்கு" என்றுதான் சொல்வார்கள். கடைசியில் இலக்கத்துக்கு ஒரு கோடும், வீதிக்குக் "குறுக்கு" என்றும் போட்டோம். படிவம் கோட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. இலக்கம்தான் வேண்டுமாம்.

நாங்கள் நிரப்பிக்கொண்டிருந்தது ஒரு டொமைன் பெயருக்கான விண்ணப்பம். ஊரில் வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டியில் பழைய கடுதாசிகள் கிடக்கு. பிரஜாவுரிமைச் சான்றிதழ், நிராகரித்து வந்த கடிதம், இந்தியாவுக்குப் போன சித்தப்பா அனுப்பிய தபால், தோட்டத்துப் பற்றுச் சீட்டு. மழைக்கும் கரையானுக்கும் முன்னால் அதுகளைப் படம் பிடித்து, வைத்திருப்பவர்களின் கதையையும் கேட்டு எழுதி, ஒரு வலைத்தளத்தில் சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தோம். தளம் டொட் எல்கே என்று முடியவேண்டும் என்பதில் நாலு பேருக்கும் ஒரே பிடிவாதம். இது இந்த நாட்டுக் கதை, இந்த நாட்டின் பெயருக்குக் கீழேதான் நிற்கணும்.

பெயர்களை விற்கிற ஒரு ஏஜென்ட் நிறுவனத்தின் படிவம் அது. பெயர் வேண்டாம். போன் எடுத்துக் கேட்டோம். "அமைப்புகளுக்கென்று இருக்கிற வாலைக் கேட்கிறீங்க. சங்கத்தைப் பதிவு செய்த சான்றிதழ் இருக்கா?" இல்லை. "சரி, தனிநபராக எடுங்க. உங்க பெயரில் கரண்ட் பில், தண்ணி பில், ஏதாவது விலாசத்தோட இருக்கா?" அதுவும் இல்லை. "அப்ப எதாவது ஒன்றைக் கொண்டுவந்திட்டு எடுங்க." வைத்துவிட்டார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது, கையில் இருந்த விதியைத்தான் வாசித்தார்.

கோபம் வந்தது. அந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொள்ளப் போவது நாங்கள் மட்டும் இல்லை.

ஒருத்தர் கையில் இருந்த பட்டியல்

தொடக்கத்தில் இந்த வலையமைப்பில் இருந்த கணினிகள் கொஞ்சம்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்பவருடைய குழு ஒரே ஒரு கோப்பை வைத்திருந்தது. எந்தக் கணினிக்கு என்ன பெயர், என்ன எண் என்று அதில் எழுதியிருக்கும். புதுசாகச் சேருகிறவர்கள் அவர்களிடம் சொல்லிப் பதியவேண்டும். கணினிகள் பெருகப் பெருக ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் என்பவர் இன்றைக்கு நாம் பாவிக்கிற டொமைன் முறையை வடிவமைத்தார். ஒரு பெரிய மரம். வேருக்கு அடுத்து சில கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர், கிளைக்குள் யாரைச் சேர்ப்பது என்பதை அந்தப் பொறுப்பாளரே பார்த்துக்கொள்வார்.

கொம், ஓர்க், எடு போன்ற பொதுக் கிளைகளோடு நாடுகளுக்கும் கிளை வேண்டும் என்றானது. அப்போதுதான் சங்கடமான கேள்வி வருகிறது: எது நாடு? இந்தக் கிளைகளைப் பிரித்துக் கொடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தவர் ஜோன் போஸ்டல். தாடி வைத்த, அமைதியான ஒரு கணினி விஞ்ஞானி. அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1974இல் வெளியிட்ட இரண்டெழுத்துப் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்தால் கிளை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எது நாடு எது நாடு இல்லை என்று முடிவெடுப்பது தங்கள் வேலை கிடையாது என்பதை 1994இல் எழுதிய ஆவணத்தில் அவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆவணத்தில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு நாட்டின் கிளையைப் பார்த்துக்கொள்கிறவர் அதன் சொந்தக்காரர் கிடையாது, அறங்காவலர் மாதிரி. அந்த நாட்டு மக்களுக்கும் உலக இணைய சமூகத்துக்கும் சேர்த்துத்தான் அவர் பொறுப்பு. கேட்டு வருகிற எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும். கோயில் தர்மகர்த்தா என்று நினைத்துப் பாருங்கள், சாவி அவர் கையில் இருந்தாலும் கோயில் அவருடையது ஆகாது.

பட்டியல்தான் சட்டம் என்றாலும் எல்லோருக்கும் ஒரே கண்டிப்பாக அது நடக்கவில்லை. பட்டியலின்படி பிரித்தானியாவின் எழுத்துகள் ஜிபி. ஆனால் அவர்கள் 1985இல் இருந்து யூகே என்றுதான் பாவிக்கிறார்கள். சோவியத் யூனியன் 1991இல் இல்லாமல் போய்விட்டது, அதன் எஸ்யூ இன்றைக்கும் உயிரோடு இருக்கு. யூகோஸ்லாவியாவின் வையூவை மட்டும் 2010இல் மூடிவிட்டார்கள். யாருக்கு விதி வளையும், யாருக்கு வளையாது என்பதை யோசிக்க இந்த மூன்று உதாரணமே போதும்.

மொரட்டுவையில் தொடங்கிய எல்கே

1972இல் சிலோன் என்ற பெயர் போய் இந்த நாடு ஸ்ரீலங்கா ஆனது. இரண்டு வருஷம் கழித்துத்தான் பட்டியல் வெளிவருகிறது. அதனால் நமக்குக் கிடைத்தது எல்கே. 1990இல் டொட் எல்கே கிளை இலங்கைக்கு ஒப்படைக்கப்பட்டது. பொறுப்பெடுத்தவர் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸ். இன்றைக்கு அதைக் கவனிக்கிற எல்கே டொமைன் பதிவகம் இலாபம் பாராத ஒரு நிறுவனம். அரசாங்கக் கந்தோர் எதுவும் கையில் எடுக்காத காலத்தில் கம்பஸ் ஆட்கள் தூக்கிச் சுமந்த வேலை இது. நாங்களும் கம்பஸ் பிள்ளைகள் என்பதால் அதை வாசித்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எல்கே மரத்துக்குள் உள்கிளைகள் இருக்கு. அரசாங்கத்துக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று, பட்டம் கொடுக்கிற நிறுவனங்களுக்கு ஒன்று, லிமிட்டெட் கம்பனிகளுக்கு ஒன்று, சங்கங்களுக்கு ஒன்று. சிலதுக்குள் போகவேண்டும் என்றால் நீங்கள் அதுதான் என்று காட்டவேண்டும். பொதுவாக டொட் எல்கே பெயருக்கு நாட்டோடு ஒரு தொடர்பு, இங்கே ஒரு இருப்பு எதிர்பார்க்கப்படுகிறது.

இந்தக் கண்டிப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓ.எல்., ஏ.எல். ரிசல்ட் வருகிற இரவில் நாம் எல்லோரும் டொனெட்ஸ் டொட் எல்கே பக்கத்தை எத்தனை தரம் தட்டியிருப்போம்? அது பரீட்சைத் திணைக்களத்தின் பக்கம்தான், யாரோ ஒரு களவாணி கட்டிய போலி இல்லை என்று நம்பித்தானே சுட்டெண்ணைப் போட்டோம். அந்த நம்பிக்கை வாசலில் ஒருத்தர் நின்று பார்த்து உள்ளே விடுவதால் வந்தது. வாங்கி இல்லாதவன் வாங்கி என்று பெயர் எடுத்தால் நம்ம அம்மாமாரின் ஈ.பீ.எஃப். காசுதான் போகும்.

அப்படியென்றால் எங்களுக்கு ஏன் கோபம்? மற்ற நாடுகள் என்ன செய்தது என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது.

கண்டிப்பாகத் தொடங்கி, பிறகு தளர்த்தியவர்கள்

இந்தியாவின் டொட் இன் தொடக்கத்தில் மிகவும் இறுக்கம். 1992இலிருந்து 2004 வரைக்கும் அதில் பதிவானது சுமார் 7000 பெயர்தான். அவ்வளவு பெரிய நாட்டில், சாஃப்ட்வேர் நாடு என்று உலகமே சொல்லத் தொடங்கிய காலத்தில், 7000! பெங்களூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் எல்லோரும் டொட் கொம்முக்குப் போய்விட்டார்கள். 2005இல் விதியைத் தளர்த்தி யாரும் நேரடியாக எடுக்கலாம் என்றதும் கதவு திறந்த மாதிரி ஆனது. ஐந்தே வருஷத்தில் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனது.

சீனா மறுபக்கம் திரும்பியது. தனிநபர்கள் எடுக்கக்கூடியதாக இருந்த டொட் சிஎன்னை 2009 டிசம்பரில் இறுக்கினார்கள். இனிமேல் வியாபாரப் பதிவுப் பத்திரம் வேண்டும், தனி ஆளுக்குக் கிடையாது. ஆபாசத் தளங்களையும் மோசடியையும் தடுக்கவே என்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு வருஷத்துக்குள் பதிவுகள் பாதிக்கும் கீழே விழுந்தன. 2012இல் தனிநபர்களுக்கு மறுபடியும் திறந்தார்கள்.

நோர்வேயில் டொட் என்ஓ நெடுங்காலம் பதிவு செய்த நிறுவனங்களுக்குத்தான். சாதாரண ஆள் ஒருவர் நேரடியாக எடுக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தின் கதைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. டொட் ஐஈ பெயர் கேட்டால் அயர்லாந்தோடு உள்ள தொடர்பைக் காட்டவேண்டும், அதோடு அந்தப் பெயரின் மேல் உங்களுக்கு என்ன உரிமை என்பதையும் நிரூபிக்கவேண்டும். 2018 மார்ச்சில் இரண்டாவதை எடுத்துவிட்டார்கள். நாட்டோடு தொடர்பு இருந்தால் போதும், பெயருக்கு நியாயம் சொல்லத் தேவையில்லை. வாசலில் ஆள் இன்னும் நிற்கிறார், கேட்கிற கேள்விகளைத்தான் பாதியாகக் குறைத்தார்கள்.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். விதி இறுகினால் களவாணி நிற்கமாட்டான், அவனிடம் போலிப் பத்திரம் இருக்கும். கம்பனிக்காரரும் நிற்கமாட்டார், அவரிடம் நிஜப் பத்திரமே இருக்கும். வெளியே நிற்பது பத்திரமே இல்லாதவன்தான். இந்தியாவிலும் சீனாவிலும் அப்படி நின்றவர்கள் தனி ஆட்கள், மாணவர்கள், சின்னக் கடைக்காரர்கள். இலங்கையில் அந்த வரிசையில் இன்னொரு கூட்டமும் இருக்கு. அந்தக் கூட்டத்துக்கு வரிசையில் நிற்பது புதுசு இல்லை.

பத்திரம் கேட்ட வரலாறு

எங்கள் வரலாறு முழுக்கவே பத்திர வரலாறு. முதலில் வந்தது "துண்டு". ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போகவேண்டும் என்றால் இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் போனால் வேலை கிடைக்காது. 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் ஒரு டொமைனை ஒரு ஏஜென்ட்டிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றவேண்டும் என்றால் பழையவர் ஒரு இரகசியக் குறியீடு தரவேண்டியிருக்கு. அதை வாசித்தபோது நாலு பேரும் ஒரே நேரத்தில் "துண்டு!" என்று கத்திவிட்டோம்.

அடுத்தது 1948. அந்த வருஷத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த இடத்தை மட்டும் கேட்கவில்லை. அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்தவர்களிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கலியாணம் கட்டியவர் 1946க்கு முன்னால் தொடர்ச்சியாக 7 வருஷம், கட்டாதவர் 10 வருஷம் இங்கே இருந்ததை நிரூபிக்கவேண்டும். நடுவில் ஊருக்குப் போய் நாள்பட்டுத் திரும்பிய பயணமே விண்ணப்பத்தை உடைத்துவிடும். சுமார் 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போனது. ஏற்றுக்கொண்டது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரைத்தான்.

மீதிப் பேரைத்தான் 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 லட்சம் இங்கே, 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற சொல் எங்கள் வீடுகளைவிட்டு முழுசாகப் போகவில்லை. எங்களில் சிலர் பிறந்தது அந்தச் சட்டத்துக்கு ஓரிரு வருஷம் முன் பின்.

பிரஜாவுரிமை வந்ததும் விலாசம் வந்ததா? கடுதாசி இன்னமும் பல தோட்டங்களில் ஆபீசுக்குத்தான் போகும். அங்கிருந்து யாராவது கையில் கொடுத்து அனுப்பினால் வீட்டுக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதை இல்லாத லயம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபை தன் காசைச் செலவழிக்க அது தடையாகவே இருந்தது. ஓட்டுப் போடலாம், ஆனால் ஓட்டு வாங்கிய சபை ரோட்டுப் போட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ரோடே சபையின் கணக்கில் இல்லாத இடத்தில் ரோட்டுக்குப் பெயரும் வீட்டுக்கு நம்பரும் எங்கிருந்து வரும்?

இப்போது அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைத் திரும்பப் பாருங்கள். அந்தக் கட்டத்தை யாரும் எங்களுக்கு எதிராகப் போடவில்லை. கொழும்பில் உட்கார்ந்து படிவம் எழுதியவருக்கு நம்பர் இல்லாத வீடு என்று ஒன்று இருக்கும் என்ற நினைப்பே வந்திருக்காது. 1949இல் சட்டம் எழுதியவர்கள் யாரை வெளியே வைக்கிறோம் என்று தெரிந்தே எழுதினார்கள். இது தெரியாமல் நடக்கிறது. ஆனால் வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு. யார் நீ, எங்கே இருக்கிறாய், பத்திரம் எங்கே?

டொட் இலங்கை

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியையும் சொல்லவேண்டும். 2010இல் இலங்கைக்கு இன்னும் இரண்டு கிளை கிடைத்தது. ஒன்று சிங்கள எழுத்தில் "லங்கா". மற்றது தமிழ் எழுத்தில் "இலங்கை". அடுத்த வருஷம் "இந்தியா", "சிங்கப்பூர்" என்ற கிளைகளும் தமிழில் வந்தன. உலகத்தின் டொமைன் மரத்தில், வேருக்கு அடுத்தபடியாக, மூன்று நாடுகளின் பெயர் நம்ம எழுத்தில் இருக்கு. கம்பஸில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பார்த்தோம். கை தூக்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உள்ளே நடப்பது கொஞ்சம் சிக்கல். பழைய டொமைன் முறைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் சின்னக் கோடும்தான் தெரியும். அதனால் தமிழ்ப் பெயரை பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். நீங்கள் "இலங்கை" என்று தட்டினால் உள்ளே அது யாருக்கும் வாசிக்க வராத ஒரு எழுத்துக் குவியலாகப் போகும், திரையில் மறுபடி தமிழாக வரும். சில செயலிகளும் மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் இந்த முகவரிகளைச் சரியாக ஏற்பதில்லை. நண்பருக்கு இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால் சில நேரம் அந்தக் குவியலே போய் நிற்கும், அவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்.

எங்கள் ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் எழுதியிருக்கு. 1885இல் நானுஓயா வரை தண்டவாளம் போட்டபோது எங்கள் ஊரைத் தாண்டித்தான் போட்டார்கள். பலகையில் பெயர் இருக்கு, வேரில் எழுத்து இருக்கு. இரண்டும் பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பலகைக்குக் கீழே இறங்கி நடந்தால் வீட்டுக்கு நம்பர் இல்லை. மொழிக்கு ஒரு இடம் கிடைத்திருக்கு, அந்த மொழியைப் பேசுகிற ஆள் தன் பெயரில் ஒரு இடம் எடுக்கப் போனால் பழைய கேள்விதான்.

ஒரு சனிக்கிழமைக் காலை

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. சுதந்திர தினம் முடிந்து இரண்டாம் நாள். காலையில் கூகுள் டொட் எல்கே போனவர்களில் பலருக்குத் தேடல் பக்கம் வரவில்லை. வேறு ஒரு பக்கம் வந்தது. ஒரக்கிள் டொட் எல்கே உட்பட இன்னும் சில பெயர்களும் அப்படியே திசைமாற்றப்பட்டிருந்தன. யாரோ எல்கே பதிவுகளுக்குள் புகுந்து கைவைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஊடக சுதந்திரம், அரசியல் ஊழல், நீதித்துறை, சிறுபான்மையினர் பிரச்சினை என்று பல விஷயம் எழுதியிருந்தது. அதோடு சேர்த்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினையும்.

முதல் நாள்தான் மலையகத்தில் 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் நடந்திருந்தது. கொழுந்து எடுக்காமல் அம்மாமார் வீட்டில் இருந்த நாள். அடுத்த நாள் காலை அவர்களுடைய பிரச்சினை நாட்டின் இணைய வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. மார்ச்சில் 1000 ரூபாவை வர்த்தமானியில் போட்டார்கள். அதுக்குக் காரணம் பல வருஷப் போராட்டம், அந்த ஒரு காலை கிடையாது.

செய்தது யார் என்பதைப் பற்றிப் பேசப் போவதில்லை. அடுத்தவன் வீட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போய் நல்ல வாசகம் எழுதினாலும் அது பூட்டு உடைத்ததுதான். வாசலில் காவல் ஏன் வேண்டும் என்பதற்கு அந்தக் காலை ஒரு நல்ல பாடம். எங்களை உறுத்துவது வேறு. டொட் எல்கேயின் வாசலில் எங்கள் அம்மாவின் கூலி ஒரு சில மணிநேரம் நின்றது. அதை எழுதி ஒட்டியவர் யாரோ. நாங்கள் முறைப்படி, காசு கட்டி, எங்கள் சொந்தப் பெயரில், எங்கள் அம்மாயியின் கடுதாசியை அதே வாசலுக்குள் கொண்டுபோக நினைத்தால் கரண்ட் பில் கேட்கிறார்கள். லயத்தில் கரண்ட் பில் யார் பெயரில் வரும், அது வருமா வராதா என்பது உங்களுக்கே தெரியும்.

நாங்கள் கேட்பது

ஸ்பெயினில் கத்தலான் மொழி பேசுகிறவர்களுக்குத் தனி நாடு இல்லை. ஆனாலும் அவர்கள் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று கேட்டு 2005இல் டொட் கேட் என்ற கிளைக்கு அனுமதி வாங்கினார்கள். மலையகத்துக்கும் அப்படி ஒன்று கேட்கலாமே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். பெரிய வாதமே நடந்தது. கடைசியில் வேண்டாம் என்று முடிவுக்கு வந்தோம். ஒரு கிளையை நடத்தப் பெரிய காசும் ஆட்களும் வேண்டும். அதைவிட, இந்த நாட்டுக்குள் ஒரு கட்டத்தில் எழுதப்படவேண்டும் என்றுதான் எங்கள் தாத்தாமார் விண்ணப்பம் போட்டார்கள். நாங்கள் கேட்பதும் அதே கட்டத்தைத்தான்.

அயர்லாந்து செய்தது போதும். நாட்டோடு உள்ள தொடர்பைக் கேளுங்கள், அடையாள அட்டை எண் அதுக்குப் போதும். விலாசம் வேண்டும் என்றால் தோட்டம், டிவிசன், லயம் என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள். சங்கச் சான்றிதழ் இல்லாத நாலு பிள்ளைகளை கிராம உத்தியோகத்தரோ ஒரு பாடசாலை அதிபரோ தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் அதை நம்புங்கள். இதை ஏஜென்ட் நிறுவனங்கள் நாளைக்கே செய்யலாம், புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. வாசலில் ஆள் நிற்கட்டும். நம்பர் இல்லாத வீட்டிலிருந்து வருகிறவனும் மனுஷன்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் சரி.

எங்களையும் நாங்கள் கேட்டுக்கொள்ளவேண்டும். கோபத்தில் "சரி விடு, டொட் கொம் எடுப்போம்" என்று முதலில் சொன்னதும் நாங்கள்தான். பத்து நிமிஷ வேலை. கொழும்பில் இருக்கிற மாமாவின் கார்டு, ஒரு மின்னஞ்சல், முடிந்தது. டொட் கொம் படிவத்திலும் விலாசக் கட்டம் இருந்தது, அங்கே எதைப் போட்டாலும் எடுத்துக்கொண்டது. ஆனால் டொட் கொம்மை நடத்துவது ஒரு அமெரிக்கக் கம்பனி. அங்கே நாம் வாடிக்கையாளர் மட்டும்தான். எங்கள் குரலைக் கேட்க வேண்டிய அறங்காவலர் யாரும் அங்கே இல்லை. டொட் எல்கேயில் சண்டை பிடிக்கலாம், ஏனென்றால் அது எங்களுக்கும் சேர்த்துத்தான் ஒப்படைக்கப்பட்டது.

இன்னொன்றும் வாசித்தபோது தெரிந்தது. எந்த டொமைனையும் யாரும் சொந்தமாக வாங்க முடியாது. வருஷத்துக்கு வருஷம் காசு கட்டிப் பாவிக்கலாம். கட்டாவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஐந்து தலைமுறை இருந்தும் சொந்தமாகாத காம்பராவில் வளர்ந்த எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை.

இப்போதைக்கு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். டவுனில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் தன் கடை விலாசத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். கடைக்கு நம்பர் இருக்கு, வீதிக்கும் பெயர் இருக்கு, கரண்ட் பில்லும் இருக்கு. எங்கள் ஊரில் வாங்கிக் கடிதத்திலிருந்து பாஸ்போட் வரைக்கும் பாதிப் பேருக்கு அந்தக் கடைதான் வீடு. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, "என்னா பெயர் வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

போன கிழமை முதல் கடுதாசியைப் படம் பிடித்தோம். எங்களில் ஒருத்தியின் அம்மாயியுடையது, 1951இல் போட்ட விண்ணப்பத்தின் நகல், மடிப்பில் கிழிந்து போயிருக்கு. பெயர் எழுதியிருக்கு, அப்பா பெயர் எழுதியிருக்கு, தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கு. விலாசம் என்ற இடத்தில் ஒரு கோடு.